பூலியன் வெக்டரால் இரண்டு நாள் போச்சு. 1998ல் செய்ததை சி++ கமிட்டி ஏன் இன்னும் திருத்தவில்லை?

பாயான்லெப்பாஸ்காரன் · செவ்வாய் இரவு 11:42

கோபத்தோடு எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு சி++ல் மென்பொருள் எழுதுகிறோம். ஒரு தட்டில் 64 சில்லு. ஒவ்வொன்றுக்கும் 'பழுது' என்று ஒரு கொடி; ஆரம்பத்தில் எல்லாம் பொய், சோதனையில் தோற்றால் மெய். நான்கு திரெட், அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் நான்கு வேலை, ஓடுகிறது, ஆளுக்கு 16 சில்லு. யாரும் யார் பங்கையும் தொடுவதில்லை, அதனால் பூட்டு எதுவும் போடவில்லை. நான் எழுதியதுதான். 'இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது' என்று ரிவ்யூவில் வாயை விட்டதும் நான்தான்.

போன வாரம் ஒரு சில்லு தோற்றது என்று லாக் சொல்கிறது, ஆனால் சில்லு நல்லவற்றோடு கூடையில் கிடக்கிறது. எல்லாத் தட்டிலும் இப்படி ஆகவில்லை, ஆயிரக்கணக்கில் ஒன்று. முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டு மாற்றினோம். அப்புறம் சென்சர். நேற்றும் இன்றும் உட்கார்ந்து தேடியதில் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கினான்: கொடிகளை வைத்திருந்த பூலியன் வெக்டர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெக்டர் என்பது ஒரே வகை மதிப்புகளின் வரிசை. இன்ட் (முழு எண்) வெக்டர் என்றால் இன்ட்கள் வரிசையாக இருக்கும். பூலியன் (மெய் அல்லது பொய்) வெக்டரில் பூலியன்கள் அப்படியே வரிசையாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இடத்தை மிச்சம் பிடிக்க ஒவ்வொன்றையும் ஒரே பிட்டாகச் சுருக்கலாம் என்று 1998 ஸ்டாண்டர்டிலேயே, அதாவது கமிட்டி வெளியிடும் மொழி விதிகளிலேயே, எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) 64 கொடியும் ஒரே 64 பிட் சொல்லுக்குள், அதாவது இயந்திரம் ஒரே மூச்சில் கையாளும் நினைவகத் துண்டுக்குள், போய் உட்கார்ந்துகொண்டன. ஒரு பிட்டை மாற்ற முழுச் சொல்லையும் படித்து, ஒன்றை மாற்றி, முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். இரண்டு திரெட் ஒரே நேரத்தில் படித்துவிட்டால், பின்னால் எழுதுகிறவன் முன்னால் எழுதியவனின் கொடியை அழித்துவிடுகிறான். என் சில்லு இப்படித்தான் நல்லவனாகியது.

இதில் உச்சம் என்னவென்றால், 2011 ஸ்டாண்டர்டில் 'ஒரு வரிசையின் வெவ்வேறு உறுப்புகளை வெவ்வேறு திரெட்கள் பயமில்லாமல் மாற்றலாம்' என்று ஒரு வாக்குறுதி இருக்கிறது. அதே வரியில் 'பூலியன் வெக்டரைத் தவிர'. வரத்தைக் கொடுத்த கையோடு பிடுங்கியும் கொண்டார்கள்! தப்பு என்று தெரிந்துதானே விதிவிலக்குப் போட்டார்கள்? தெரிந்தவர்கள் அதைச் சரி செய்தால் என்ன?


தேஓகோசோங் · செவ்வாய் இரவு 11:58

ரஸ்ட் மொழிப் பக்கம் வந்துவிடுங்கள். அங்கே இந்த நிரல் கம்பைலே ஆகியிருக்காது. தூங்கப் போகிறேன்.


பாயான்லெப்பாஸ்காரன் · புதன் காலை 7:15

டிரைவர் முதல் திரை வரை எல்லாம் சி++. ரஸ்டுக்கு மாற்றலாம் என்று என் மேலாளரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள், பாலம் டோல் காசு நான் தருகிறேன்.


பிரிக்பீல்ட்ஸ்_நிரலி · புதன் காலை 9:20

அண்ணே, ஆறுதலுக்கு எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கதை ஒன்று சொல்கிறேன்.

வரிசைக்குள் வரிசை இருந்தால் தட்டையாக்கித் தர ஒரு வசதி கேட்டோம். 'ஃபிளாட்டன்' என்று பெயர் வைக்க, ஜாவாஸ்கிரிப்ட் விதிகளை வகுக்கும் டிசி39 கமிட்டி முடிவு செய்தது. அதைவிட நல்ல பெயர் கிடையாது. 2018 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் போட்டார்கள், உடனே ஒரு தளம் உடைந்தது. காரணம் மூடூல்ஸ் என்ற பழைய நூலகம். ஒரு காலத்தில் எல்லாரும் பயன்படுத்தியது, இப்போது யாரும் தொடுவதில்லை. அது தன் சொந்த ஃபிளாட்டனை எல்லா வரிசைகளிலும் சொருகி வைக்கும். அப்புறம் வரிசையில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணி, தன்னுடைய இன்னொரு பொருளுக்கு நகல் எடுக்கும். மொழியோடு பிறந்த வசதிகள் அந்த எண்ணிக்கையில் தெரியாது. ஃபிளாட்டன் மொழிக்குள் வந்ததும் அதுவும் கண்ணுக்கு மறைந்துவிட்டது, நகல் எடுக்கவில்லை, பக்கம் விழுந்தது.

மூடூல்ஸைத் திருத்தினால் போதாது. என்றோ ஏற்றிவைத்துவிட்டு மறந்துபோன தளங்களை யார் போய்த் திருத்துவது? பெயரை 'ஸ்மூஷ்' என்று மாற்றலாம், அதாவது நசுக்கு, என்று ஒருவர் கிண்டலாகச் சொன்னார். பாதிப் பேர் அதை நிஜம் என்று நம்பிச் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் 'ஃபிளாட்'. இப்போது எல்லாரும் தினமும் அதைத்தான் தட்டச்சுகிறோம்.

நான் அப்போது திட்டினேன். இப்போது யோசித்தால், செத்துப்போன நூலகம் என்று நாம் சொல்வது வேறு யாருக்கோ ஓடிக்கொண்டிருக்கும் தளம்.


தேஓகோசோங் · புதன் மதியம் 1:05

இந்தக் கண்ணீர்க் கதையை எல்லாக் கமிட்டியும் சொல்லும். 'பழைய நிரல் உடையும்' என்பது வேலை செய்யாததற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். எடுக்க வேண்டும் என்று நினைத்தால் எடுக்கத்தான் செய்கிறார்கள்.

சி மொழியில் உள்ளீட்டைப் படிக்கும் கெட்ஸ். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமலே வருவதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ளும். 1988 நவம்பரில் இணையத்தில் தானாகவே பரவிய மாரிஸ் வார்ம் என்ற நிரல், இயந்திரத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் ஃபிங்கர் சேவைக்குள் நுழைந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். அடுத்த வருடம் வந்த ஸ்டாண்டர்டில் கெட்ஸ் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. 1999லும் இருந்தது. 2011ல்தான் வெளியே போனது. வீடு தீப்பிடித்து இருபத்து மூன்று வருடம் கழித்துத் தண்ணீர்.

சி++ல் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட், பல வகைகளுக்கும் பொதுவாக எழுதும் நிரலின் உடலைத் தனிக் கோப்பில் வைக்க ஒரு வசதி. யாரும் எழுதிப் பார்க்காத ஒன்றை 1998 ஸ்டாண்டர்டில் சேர்த்துவிட்டார்கள். முழுதாகச் செய்து காட்டியது ஈடிஜி என்ற ஒரே நிறுவனம். 2003ல் ஹெர்ப் சட்டரும் டாம் பிளம்மும் 'இது நமக்குக் கட்டுப்படியாகாது, எடுத்துவிடுங்கள்' என்று கமிட்டிக்கு ஆவணம் கொடுத்தார்கள். அப்போது கேட்கவில்லை. 2011ல் எடுத்தார்கள்.

ஆக, எடுக்க முடியும். மனசு இல்லை.


மெயின்ஃபிரேம்_மாமா · புதன் மாலை 6:40

பிள்ளைகளா, கோலாலம்பூரில் ஒரு வங்கியில் முப்பது வருடமாக கோபால் (COBOL) மொழியில் நிரல் எழுதுகிறேன். நான் அந்த வேலையில் சேர்ந்தபோது என் பாட்டி, 'யாருடா அந்தக் கோபால், முதலாளியா?' என்று கேட்டார். இன்று வரைக்கும் பதில் சொல்லவில்லை.

இந்தக் கோபாலும் கமிட்டியில் பிறந்தவர்தான். 1959ல் பென்டகனில் கூடிப் பேசி ஆரம்பித்த வேலை. உள்ளே இருந்தவர்களுக்கே இது தேறும் என்ற நம்பிக்கை இல்லை. ஹோவர்ட் பிரம்பெர்க் என்பவர் வெறுத்துப்போய் ஒரு கல்லறைக் கல் வாங்கி, அதில் கோபால் என்று பொறித்து பென்டகனுக்கு அனுப்பிவிட்டார். கல் இன்னும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோபாலும் இன்னும் என் சம்பளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

தேஓ தம்பி சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டார், அதில் எங்கள் பக்கம் தோற்றது. டிரைகிராஃப். சில நாட்டு விசைப்பலகைகளில் நெளிவு அடைப்புக்குறி கிடையாது. டென்மார்க்காரனுக்கு அந்த இடத்தில் அவன் மொழி எழுத்து இருக்கும். அதனால் இரண்டு கேள்விக்குறியும் இன்னொரு குறியும் சேர்ந்து வந்தால் வேறொரு குறி என்று 1989ல் வைத்தார்கள். மொத்தம் ஒன்பது. ??< என்றால் {. ??! என்றால் |. மற்றவர்களுக்கு அது தொல்லை. எங்கள் பெரிய இயந்திரங்களில் எழுத்துக் குறியீடே வேறு, எப்சிடிக், அங்கே அது தேவைப்பட்டது. எடுக்கக் கூடாது என்று ஐபிஎம் எழுதிக் கொடுத்து வாதாடியது. 2017 சி++ல் எடுத்துவிட்டார்கள், சி மொழியும் சி23ல் எடுத்துவிட்டது. அறையில் எத்தனை பேர் நம் பக்கம் என்பதுதான் கணக்கு.


கெளுகோர்_மாணவன் · புதன் மாலை 7:02

மாமா, ??! என்று சாதாரணமாக ஒரு செய்திக்குள் எழுதினால் என்ன ஆகும்?


மெயின்ஃபிரேம்_மாமா · புதன் மாலை 7:10

அப்படிக் கேட்டவன் பாவம், தம்பி.


பிரிக்பீல்ட்ஸ்_நிரலி · புதன் இரவு 9:33

தேஓ, நீங்கள் சொன்ன கெட்ஸ், எக்ஸ்போர்ட் இரண்டுக்கும் அண்ணனின் பூலியன் வெக்டருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கெட்ஸை எடுத்தால் என்ன ஆகும்? கம்பைலர் 'இந்தப் பெயர் தெரியாது' என்று கத்தும். திட்டிக்கொண்டே மாற்றுவோம், முடிந்தது. எக்ஸ்போர்ட்டை எழுதினவனே இல்லை, எடுத்ததற்கு அழுதவனும் இல்லை. பூலியன் வெக்டரை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. அதே பெயரை வைத்துக்கொண்டு உள்ளே வேறு மாதிரி நடந்துகொள் என்கிறோம். நாளைக் காலையில் அது ஒரு உறுப்புக்கு ஒரு பைட் எடுத்தால், கம்பைலர் கத்தாது. பழைய கம்பைலரில் கட்டிய நூலகமும் புதியதில் கட்டிய நிரலும் ஒரே நினைவகத்தை வேறு வேறு விதமாகப் படிக்கும். 2020 பிப்ரவரியில் பிராக் நகரத்தில் சி++ கமிட்டி உட்கார்ந்து பேசியது இந்த விஷயத்தைத்தான்: கட்டிவைத்த பைனரிகளின் ஒப்பந்தத்தை, அதாவது ஏபிஐயை, உடைக்கலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்று கைதூக்கினார்கள். அதனால்தான் உரைக்குள் தேடித் தரும் ஆமை வேக ரெகெக்ஸ் கூட அப்படியே கிடக்கிறது.

அந்த முடிவு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சத்தமில்லாமல் அர்த்தம் மாறுவதுதான் இருப்பதிலேயே மோசம். அண்ணனுக்கு இந்த வாரம் நடந்தது அதுதானே? நிரலில் தெரிவது ஒன்று, நடப்பது ஒன்று. அதைத் திருத்துகிறோம் என்று உலகம் முழுக்க எல்லாருக்கும் ஒருமுறை நடத்திக் காட்டவா?


பாயான்லெப்பாஸ்காரன் · புதன் இரவு 10:15

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது, கோபம்தான் போகவில்லை.

இன்று இடைவேளையில் யோசித்தேன். பிட்டாகச் சுருக்குவது தப்பே இல்லை, பல இடத்தில் நல்லது. அதற்கு 'பிட் வெக்டர்' என்று தனிப் பெயர் வைத்திருந்தால் நான் திட்டவே மாட்டேன், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வேன். வெக்டர் என்ற பெயரை நம்பித்தான் நான் பூட்டுப் போடாமல் விட்டேன்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு கோயில் இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் சங்கப் பதிவிலாகாவில் பதியும்போது அம்மன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப் போச்சு. அப்போது யாரும் பார்க்கவில்லை. அப்புறம் வங்கிக் கணக்கு, நிலப் பட்டா, ரசீதுப் புத்தகம் எல்லாம் அந்தத் தப்பான பெயரில். ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் யாராவது எழுந்து 'பெயரைத் திருத்தணும்' என்பார். பொருளாளர் எழுந்து எந்தெந்தத் தாளையெல்லாம் மாற்ற வேண்டும் என்று வாசிப்பார். எழுந்தவர் உட்கார்ந்துவிடுவார். அடுத்தது அன்னதானம்.


தேஓகோசோங் · புதன் இரவு 10:31

சரி, ஒத்துக்கொள்கிறேன், அர்த்தத்தை மாற்றுவது வேறு. ஆனால் சி++ல் புதுச் சொற்களுக்கு, பழைய நிரல்களில் அதே பெயர் இருக்குமோ என்று பயந்து, கோ_அவெயிட், கோ_யீல்ட், கோ_ரிட்டர்ன் என்று வைத்தார்களே, அதைப் பார்த்தாலே பசி போய்விடுகிறது. மற்ற மொழிகளில் அழகாக யீல்ட் என்று இருக்கிறது.


மெயின்ஃபிரேம்_மாமா · புதன் இரவு 10:48

கடன் பத்திரத்தின் வருமானத்துக்கு எங்கள் தொழிலில் என்ன பெயர் தெரியுமா தம்பி? யீல்ட். நிதித் துறை நிரல்களில் அந்தப் பெயரில் மாறி இல்லாத கோப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் பசிக்காக எங்கள் கணக்கை நிறுத்தச் சொல்கிறீர்களா?


தேஓகோசோங் · புதன் இரவு 10:50

மாமா, கூட்டத்துக்கு நீங்கள் போயிருக்க வேண்டும் லா.


கெளுகோர்_மாணவன் · வியாழன் காலை 8:05

எனக்கு ஒரு சந்தேகம். கமிட்டியே இல்லாமல் உருவாக்கினவர் ஒருவரே முடிவு செய்தால் இந்தத் தொல்லை இருக்காதே? பைத்தான் மாதிரி?


பிரிக்பீல்ட்ஸ்_நிரலி · வியாழன் காலை 9:12

பைத்தானில் அப்படித்தான் இருந்தது, 2018 ஜூலை 12 வரைக்கும். := என்று ஒரு குறி, வால்ரஸ் என்பார்கள், கடல் சிங்கத்துக்குத் தந்தம் முளைத்த மாதிரி ஒரு பிராணி. நிபந்தனைக்குள்ளேயே மதிப்பை மாறியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் விஷயம். அதற்கு நடந்த சண்டையைப் பார்த்து கைடோ வான் ராசம், உருவாக்கியவர், அந்தக் குறியை ஏற்றுக்கொண்ட கையோடு, இனி நான் முடிவெடுக்கும் பொறுப்பில் இல்லை என்று எழுதிவிட்டு விலகினார். இத்தனை பேர் வெறுக்கும் ஒன்றுக்காக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பு. 2019ல் ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றி வளைத்து மறுபடியும் கமிட்டிதான்.


மெயின்ஃபிரேம்_மாமா · வியாழன் மதியம் 12:30

ஒரே ஆள் கமிட்டியைத் திருப்பின கதையும் உண்டு. முதல் சி ஸ்டாண்டர்ட் முடியப் போகும் நேரத்தில் 'நோ-ஏலியாஸ்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். சியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி அதுவரை கமிட்டி வேலையில் பெரிதாகத் தலையிடாதவர். 1988ல் ஒரு கடிதம் எழுதினார்: இது போயே ஆக வேண்டும், இதில் பேரம் கிடையாது என்று. போய்விட்டது. அவர் சொன்னது சரி என்று கமிட்டிக்கும் புரிந்தது, அதுதான் முக்கியம். எல்லா ஊரிலும் ரிச்சி கிடைப்பாரா?

நான் படித்ததில் எனக்குப் பிடித்த சண்டை 1958ல் சூரிக்கில் நடந்தது. ஆல்கால் மொழிக்காக அமெரிக்காவிலிருந்து நான்கு பேர், ஐரோப்பாவிலிருந்து நான்கு பேர் கூடினார்கள். எங்கே முட்டிக்கொண்டது தெரியுமா? பின்னத்துக்குப் புள்ளியா, காற்புள்ளியா. ஒருவர் மேசையைத் தட்டி, 'புள்ளியை நான் ஒருநாளும் பயன்படுத்த மாட்டேன்' என்றாராம். கடைசியில் மொழியை மூன்று தளமாகப் பிரித்தார்கள்: கருத்துக்கு ஒன்று, அச்சில் போட ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று. அவரவர் ஊரில் அவரவர் குறி.

சிரிக்காதீர்கள். நாம் இங்கே 3.50 ரிங்கிட் என்று எழுதுகிறோம். பினாங்கிலிருந்து கடலைத் தாண்டி மேடானுக்குப் போனால் 3,50. அங்கிருந்து வந்த ஒரு கோப்பைச் சரியாகப் படிக்காமல் நான் பட்ட பாடு தனிக் கதை.


கெளுகோர்_மாணவன் · வியாழன் மாலை 5:44

தமிழுக்கும் இப்படி ஏதாவது முடிவு எடுத்திருக்கிறார்களா? நேற்று அசைன்மென்டில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டேன். பைத்தான் 5 என்றது. நண்பன் கோ மொழியில் போட்டான், 15 என்றது. என் தங்கை தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு, அவளைக் கேட்டேன். 3 என்றாள்.


பிரிக்பீல்ட்ஸ்_நிரலி · வியாழன் மாலை 6:20

தங்கைக்கு முழு மதிப்பெண்.

யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. பைத்தான் அதை எண்ணுகிறது, ஜாவாஸ்கிரிப்டும் இந்தச் சொல்லுக்கு ஐந்துதான் சொல்லும். கோ பைட்டை எண்ணுகிறது. யூடிஎஃப்-8ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட், ஆக பதினைந்து. ஸ்விஃப்ட் மட்டும் 3 சொல்லும், மனிதன் பார்க்கிற எழுத்தை எண்ண வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்ததால். அதற்கும் 'க்ஷ'வைக் கொடுத்தால் 2 என்கிறது.

தமிழ் எழுத்துகளின் இந்த அடுக்கு இந்திய அரசின் இஸ்கி முறையிலிருந்து வந்தது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் வேறொரு குறியேற்றத்தை முன்வைத்தார்கள், யூனிகோட் ஏற்கவில்லை. அதில் நான் எந்தக் கட்சி என்று சொன்னால் இந்த இழை அடுத்த வருடம் வரை போகும், வேண்டாம்.

பாயான் அண்ணன் கேட்டால் சிரிப்பார்: யூனிகோட் பட்டியலில் ஃ என்ற எழுத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ஆய்தம் கிடையாது, 'விசர்கம்'. ஆய்தம் என்பது பக்கத்தில் சின்னக் குறிப்பாக மட்டும் இருக்கிறது. ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்று அவர்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள்.


பாயான்லெப்பாஸ்காரன் · வியாழன் மாலை 6:41

எங்கள் அம்மன் கோயில்!


தேஓகோசோங் · வியாழன் மாலை 6:55

இதற்கு மேலும் ஒன்று. 2019ல் யூனிகோடில் பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் வந்தன. முந்திரி, அதாவது 320ல் ஒரு பங்கு, அதற்கு ஒரே குறி. அதன் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டில் கேட்டுப் பாருங்கள், 2 என்று சொல்லும். ஒரு எழுத்துக்கு 16 பிட் போதும் என்று ஒரு காலத்தில் நினைத்ததன் பலன். இத்தனை சின்னப் பின்னம், இரண்டு பேர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.


பாயான்லெப்பாஸ்காரன் · வெள்ளி காலை 8:30

நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பூலியனை கேரக்டர் வெக்டராக மாற்றிவிட்டேன். ஒரு கொடிக்கு ஒரு பைட், 64 பைட். நான்கு திரெட்டும் இப்போது ஒரே கேஷ் வரிக்குள் (நினைவகத்திலிருந்து செயலி ஒன்றாக எடுத்துவரும் துண்டு) முட்டி மோதும் என்று தெரியும், ஆனால் ஒருவன் எழுதியதை இன்னொருவன் அழிக்க மாட்டான். வேகத்தில் எங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரவு முழுக்க ஓட்டினோம், லாக்கும் கூடையும் ஒத்துப்போகின்றன.

லாக்கைப் பார்க்கும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. தேடிய கோபத்தில் ஒரு சோதனைச் செய்தி போட்டிருந்தேன்: "இந்தக் கொடி ஏன் மாறியது??!" லாக்கில் வந்திருப்பது: "இந்தக் கொடி ஏன் மாறியது|"


கெளுகோர்_மாணவன் · வெள்ளி காலை 8:34

மாமா!!!


மெயின்ஃபிரேம்_மாமா · வெள்ளி காலை 8:52

உங்கள் பில்ட் ஸ்கிரிப்ட்டில் 2011 ஸ்டாண்டர்டை அப்படியே பின்பற்று என்று யாரோ கொடி போட்டிருப்பார்கள், போய்ப் பாருங்கள். அதைத் தொட மனசில்லையென்றால் இரண்டாவது கேள்விக்குறிக்கு முன்னால் ஒரு \ போடுங்கள், ?\?! என்று. நாங்கள் அப்படித்தான் காலம் தள்ளினோம்.


பாயான்லெப்பாஸ்காரன் · வெள்ளி காலை 9:10

பார்த்தேன் மாமா, இருக்கிறது. கொடியைப் போட்டது யார் என்று பதிவில் தேடினேன். நான்தான்.